‘முந்தின வாரா’ என்றால் அடுத்த வாரம்

கல்யாணமாகி தர்மபுரியிலிருந்து பெங்களூர் வந்த புதிதில், பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் இருக்கும் எங்கள் பட்டறையின் கணக்கை மாமா என் கையில் கொடுத்தார். முதல் மாதமே ஒரு பார்ட்டிக்குப் போன் போட்டு பாக்கியைக் கேட்டேன். அந்தப் பக்கம் இருந்தவர் "முந்தின வாரா ஹாக்தீனி மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார். போன வாரமே போட்டுவிட்டார்களாம் என்று நினைத்துக்கொண்டு பேங்க் ஸ்டேட்மெண்ட்டை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை தேடினேன். சாயங்காலம் மாமாதான் சொன்னார், கன்னடத்தில் முந்தின வாரம் என்றால் வரப்போகிற வாரம் என்று. பதினோரு வருடமாக அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கடன் பாக்கி வசூல் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதச் சொல்லி, சின்னதாகத் தொழில் செய்யும் இரண்டு மூன்று தோழிகள் ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

எங்களுடையது சின்னப் பட்டறை. கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் இரண்டு, மூன்று பழைய லேத், ஆறு ஆபரேட்டர்கள். மாமா ஜாலஹள்ளி ஹெச்.எம்.டி. தொழிற்சாலையில் டர்னராக (லேத் ஓட்டுபவராக) இருந்து விருப்ப ஓய்வு வாங்கி, அந்தப் பணத்தில் ஒரு லேத் போட்டு ஆரம்பித்தது. ஷாஃப்ட், புஷ், பிளாஞ்ச் என்று உதிரி பாகங்களைப் பம்ப் கம்பெனிகளுக்கும் வால்வு கம்பெனிகளுக்கும் செய்து கொடுக்கிறோம். ராடு வாங்கும் கடைக்காரர் எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் கடன் தரமாட்டார். சம்பளம் ஏழாம் தேதி கொடுத்தாக வேண்டும். கரண்ட் பில் காத்திருக்காது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை, பில் போட்ட மறு மாதமே அந்த பில்லுக்கான ஜி.எஸ்.டி.யை நாங்கள் அரசாங்கத்துக்குக் கட்டியாக வேண்டும், பார்ட்டி எங்களுக்குப் பணம் கொடுத்தாரா இல்லையா என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆக, வராத பணத்துக்கு வரியும் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது புரிவதே இல்லை. "ஆர்டர் நிறைய இருக்கே, அப்புறம் என்ன?" என்பார்கள்.

முதலில் மாமாவின் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் இவ்வளவு பிடிவாதமாக ஆனதற்கு அதுதான் காரணம்.

2016-ல் ஒரு பார்ட்டிக்கு 1,85,000 ரூபாய்க்கு வேலை செய்து கொடுத்தார். மாமாவுடன் முன்பு ஒன்றாக வேலை பார்த்தவர்தான் அந்த ஆள். பணம் வரவில்லை. மாமா மாதம் ஒரு தடவை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போவார். அங்கே உட்கார வைத்து டீ கொடுப்பார்கள், வீட்டு நலம் விசாரிப்பார்கள், "உன் பணம் எங்கே போகப் போகுது" என்பார்கள். திரும்பி வந்துவிடுவார். மூன்று வருடத்துக்கு மேல் இப்படியே போனது. 2020 ஜனவரியில் ஒரு வக்கீலிடம் காகிதங்களை எடுத்துக்கொண்டு போனோம். அவர் பில்லின் தேதியைப் பார்த்தார், கடைசியாக எப்போது பணம் கொடுத்தார்கள் என்று கேட்டார், பாக்கி இருக்கிறது என்று அவர்கள் கையெழுத்துப் போட்டு ஏதாவது கொடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். எதுவும் இல்லை. 1963-ஆம் வருடத்து லிமிட்டேஷன் சட்டப்படி விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்த மூன்று வருடம் முடிவதற்குள் "ஆமாம், இவ்வளவு தர வேண்டும்" என்று எழுத்தில் கையெழுத்தோடு ஒப்புக்கொண்டிருந்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைத்திருக்கும். மாமா அத்தனை தடவை போய் வந்ததற்கு ஒரு காகிதம்கூட இல்லை. வக்கீல் ஆபீஸிலிருந்து இறங்கும்போது படியில் ஒரு நிமிடம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அத்தையின் நகை அப்போது அடகில் இருந்தது. அந்த 1,85,000 வந்திருந்தால் மீட்டிருக்கலாம்.

அன்றைக்கு இரவே ஒரு இருநூறு பக்க நோட்டு வாங்கி ஆரம்பித்தேன். ஒவ்வொரு பார்ட்டிக்கும் சில பக்கங்கள். தேதி, பேசியது யார், என்ன சொன்னார், அவ்வளவுதான். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுவேன், 'பார்க்கலாம்' என்றால் 'பார்க்கலாம்', 'புதன்கிழமை' என்றால் 'புதன்கிழமை'. பேசி முடித்ததும் அதையே ஒரு மெயிலாக அனுப்பிவிடுவேன்: "இன்று நாம் பேசியபடி, இந்த பில்லுக்கு வரும் புதன்கிழமை பணம் போடுவதாகச் சொன்னீர்கள், நன்றி." மரியாதையாக இரண்டு வரி. இது ஒன்றே பாதி வசூலைக் கொண்டுவந்துவிடும் என்று எனக்கு அனுபவத்தில் தெரியும், ஏனென்றால் வாயால் சொன்னதை மறக்கிற மாதிரி எழுத்தில் வந்ததை யாரும் மறக்க முடியாது. அப்புறம் வருடா வருடம் ஏப்ரலில் ஒவ்வொரு பார்ட்டிக்கும் லெட்ஜரை பிரிண்ட் எடுத்து அனுப்பி, மார்ச் 31 அன்று பாக்கி இவ்வளவு என்று சீலும் கையெழுத்தும் வாங்கிவிடுவேன். ஆடிட் சமயத்தில் எல்லாக் கம்பெனியும் கேட்பதுதான் இந்த பேலன்ஸ் கன்ஃபர்மேஷன், அதனால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த ஒரு காகிதம் மாமாவிடம் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு ஏப்ரலும் நினைத்துக்கொள்வேன்.

சரி, பெரிய கதைக்கு வருகிறேன்.

பொம்மசந்திரா பக்கம் ஒரு பம்ப் கம்பெனி. 2022 நவம்பரிலிருந்து 2023 ஜனவரி வரை மூன்று பில்கள், மொத்தம் 6,40,000 ரூபாய். அதில் ஜி.எஸ்.டி. மட்டும் 97,627, அதை நாங்கள் கட்டியாகிவிட்டது. அவர்கள் கொடுத்த பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது பி.ஓ.வில், 45 நாளில் பணம் என்று போட்டிருந்தது. ஆகஸ்ட் வரை ஒரு பைசா வரவில்லை. போன் செய்தால் "ப்ராசஸ்ல இருக்கு மேடம்". செப்டம்பரில் ஒரு நாள் நேரில் கிளம்பினேன். இப்போது பொம்மசந்திரா வரை மஞ்சள் மெட்ரோ வந்துவிட்டது, அன்றைக்கு அது இல்லை. பீன்யாவில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் இறங்கி, அங்கிருந்து பஸ், சில்க் போர்டு டிராஃபிக்கில் முக்கால் மணி நேரம் நின்று, போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது.

அக்கவுண்ட்ஸில் சாப்பாட்டு நேரம் என்று சொல்லி உட்காரச் சொன்னார்கள். நான் ஸ்டோர்ஸ் பக்கம் நின்று வீட்டுக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்டோர்ஸில் இருந்த பையன், "அக்கா, நீங்க தமிழா? எந்த ஊரு?" என்றான். அவன் திருப்பத்தூர். விஷயத்தைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் எங்கள் பெயரைத் தட்டிப் பார்த்தான். "அக்கா, ரெண்டு பில்லுதான் ஏறியிருக்கு. மூணாவது பில்லுக்கு ஜி.ஆர்.என்.னே போடலையே." ஜி.ஆர்.என். என்பது சரக்கு வந்து சேர்ந்தது என்று ஸ்டோர்ஸ் போடும் பதிவு, அது இல்லாமல் அக்கவுண்ட்ஸுக்கு பில் போகவே போகாது. எழுந்து போய் அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் ட்ரேயை இழுத்தான். அடியிலிருந்து சரக்கோடு நாங்கள் அனுப்பிய பிங்க் நிற டெலிவரி சலான் வந்தது, ஓரமெல்லாம் மடங்கி, மேலே ஒரு எண்ணெய்க் கறையோடு. பி.ஓ.வில் 500 பிளாஞ்ச், நாங்கள் அனுப்பியது 512. கூடுதலாக இருந்ததால் சிஸ்டம் எடுத்துக்கொள்ளவில்லை. எடுக்கவில்லை என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை, ஏறியதா என்று நாங்களும் கேட்கவில்லை. பன்னிரண்டு பிளாஞ்சுக்காக 2,36,000 ரூபாய் பில் எட்டு மாதம் ஒரு ட்ரேயின் அடியில் கிடந்திருக்கிறது. சரக்கை மட்டும் அவர்கள் எப்போதோ பம்பில் மாட்டி விற்றுவிட்டார்கள்.

அன்றைக்கு அந்தத் தம்பி பர்ச்சேஸில் பேசி பி.ஓ.வைத் திருத்தி வாங்கி ஜி.ஆர்.என். போட்டுக்கொடுத்தான். அவனுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். அதிலிருந்து, 45 நாள் கழித்து "பணம் எப்போது?" என்று கேட்பதை விட்டுவிட்டேன். சரக்கு போன ஐந்தாறு நாளில் ஸ்டோர்ஸுக்கும் அக்கவுண்ட்ஸுக்கும் போன் செய்து "பில் ஏறிடுச்சா?" என்று கேட்கிறேன். அந்த நேரத்தில் யாரும் கோபப்பட மாட்டார்கள், ஏனென்றால் நாம் இன்னும் பணம் கேட்கவில்லை. பி.ஓ. நம்பர் தப்பு, ஜி.எஸ்.டி. நம்பரில் ஒரு எழுத்து விட்டுப்போனது, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் வைக்கவில்லை என்று எல்லாம் அப்போதே தெரிந்துவிடும். கொடுக்க மனமில்லாமல் நிற்கிற பாக்கியைவிட, இப்படிச் சின்னச் சின்னக் காகிதத்தில் சிக்கி நிற்கிற பாக்கிதான் எங்கள் நோட்டில் அதிகம்.

மீதிக் கதை இவ்வளவு சுலபமாக இல்லை. மூன்று பில்லும் ஏறிய பிறகும் பணம் வரவில்லை. அக்டோபரில் பர்ச்சேஸ் மேனேஜர் புதிதாக ஒன்று சொன்னார், நவம்பரில் வந்த புஷ்ஷில் போர் சைஸ் (உள் துளையின் அளவு) சரியில்லை, ரிஜெக்ஷன் இருக்கிறது, கணக்குப் பார்த்துக் கழித்துத்தான் தருவோம் என்று. பதினோரு மாதம் கழித்து! எனக்குக் கை நடுங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் "சரி, கொஞ்சம் விட்டுக்கொடுத்துடலாம்" என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து 2006-ஆம் வருடத்து எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) மேம்பாட்டுச் சட்டத்தை முழுதாகப் படித்தேன். தொழில் செய்கிற ஒவ்வொருவரும் அதில் 15-இலிருந்து 24 வரை உள்ள பிரிவுகளை ஒரு தடவையாவது படித்துவிட வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், நாலைந்து பக்கம்தான்.

அதில் என்ன இருக்கிறது என்றால், குறு, சிறு நிறுவனத்திடம் வாங்கிய சரக்குக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது, ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். பி.ஓ.வில் 90 நாள் என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது. சரக்கில் குறை இருந்தால் வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லவில்லை என்றால் டெலிவரியான அன்றே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். அந்த மேனேஜருக்கு நான் அனுப்பிய மெயிலில் ஒரே கேள்விதான்: "15 நாளுக்குள் நீங்கள் அனுப்பிய ரிஜெக்ஷன் நோட்டின் காப்பியைத் தயவுசெய்து அனுப்புங்கள்." போர் சைஸ் பற்றி அதற்குப் பிறகு பேச்சே வரவில்லை.

வட்டிக் கணக்கும் அந்தச் சட்டத்தில்தான் இருக்கிறது. ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அப்போது பேங்க் ரேட் 6.75 சதவீதம், மூன்று மடங்கு 20.25. எங்கள் 6,40,000-க்கு முதல் மாத வட்டி மட்டும் 10,800 ரூபாய். இதை ஒரு தாளில் மாதவாரியாகப் போட்டு, 180 நாளுக்குள் சப்ளையருக்குப் பணம் தராவிட்டால் எடுத்த இன்புட் டாக்ஸ் கிரெடிட்டை (வாங்கிய சரக்கின் ஜி.எஸ்.டி.யை அவர்கள் தங்கள் வரியில் கழித்துக்கொண்டதை) வட்டியோடு திருப்ப வேண்டும் என்கிற ஜி.எஸ்.டி. விதியையும் கீழே ஒரு வரியில் நினைவூட்டி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். திட்டு, மிரட்டல் எதுவும் இல்லை, தேதியும் தொகையும் பிரிவு எண்ணும் மட்டும்தான்.

பதில் வரவில்லை. 2024 ஜனவரியில் சமாதான் தளத்தில் மனு போட்டேன். சிறு தொழில்காரர்களின் வராத பாக்கிக்காக 2017-இல் மத்திய அரசு ஆரம்பித்த தளம் அது. உத்யம் நம்பர் (சிறு தொழில் என்று அரசாங்கத்திடம் பதிவு செய்த நம்பர்), பி.ஓ., பில் எல்லாவற்றையும் ஏற்றினேன், மாநிலத்தில் இருக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்கு, அதாவது இந்தப் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் குழுவுக்குப் போனது. வாங்கியவர் இந்தியாவில் எந்த ஊரில் இருந்தாலும் நம் ஊர் கவுன்சிலிலேயே போடலாம், நாம் அலைய வேண்டியதில்லை. முதலில் சமரசம், அது முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன், அதாவது நடுவர் தீர்ப்பு. கவுன்சில் கொடுத்த தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் வாங்கியவர் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் இழுக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு முக்கியமான விஷயம், சரக்கு கொடுப்பதற்கு முன்பே உத்யம் பதிவு செய்துவிடுங்கள். பிறகு பதிவு செய்துவிட்டுப் பழைய பில்லுக்குக் கேட்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2025-இல் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. உத்யம் பதிவுக்குக் காசே கிடையாது, ஏஜெண்டிடம் ஆயிரம் இரண்டாயிரம் கொடுக்காதீர்கள். வெறும் வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு உத்யம் கிடைத்தாலும் இந்த 45 நாள் சலுகை பொருந்தாது, வங்கிக் கடனில் முன்னுரிமைக்கு மட்டும்தான் அது.

பிப்ரவரியில் அந்தக் கம்பெனி அக்கவுண்டன்ட் அவராகவே கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. சமாதான் மனு ஒரு காரணம். இன்னொரு காரணம், 2023 நிதிச் சட்டத்தில் வருமான வரியின் 43பி பிரிவில் சேர்த்த எச் என்கிற உட்பிரிவு. குறு, சிறு உற்பத்தியாளருக்குக் கெடுவுக்குள் பணம் கொடுக்காமல் மார்ச் 31 அன்று பாக்கி வைத்திருந்தால் அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம். 2023–24 கணக்குக்குத்தான் அது முதல் தடவை அமலுக்கு வந்தது. அந்த பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் எங்கள் பார்ட்டிகள் எல்லோரும் உத்யம் சான்றிதழ் கேட்டு மெயில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு பார்ட்டி மட்டும், பதிவை ரத்து செய்துவிட்டால் தொடர்ந்து ஆர்டர் தருகிறோம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன், அந்த ஆர்டர் போய்விட்டது, அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மார்ச்சில் 4,00,000 வந்தது. மீதி 2,40,000 மூன்று தவணையில் ஜூனுக்குள் வந்து முடிந்தது. வட்டி? விட்டுக்கொடுத்தோம். எனக்கு மனமே இல்லை, வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தோம். "பத்து வருஷப் பார்ட்டிம்மா" என்றார் இவர். நாங்கள் ஓ.டி.க்கு (ஓவர்டிராஃப்ட் கடனுக்கு) பேங்க்கில் கட்டிய வட்டி நிஜமான வட்டி, அதை யார் கொடுப்பார்கள் என்று நான் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

செக் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். செக் திரும்பினால் "திரும்பப் போடுங்க" என்பார்கள், நாமும் போட்டுக்கொண்டே இருப்போம். செக்குக்கு ஆயுள் தேதியிலிருந்து மூன்று மாதம்தான். செக் திரும்பியது என்று பேங்க் கொடுக்கும் மெமோ கையில் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்து 15 நாளுக்குள் அவர் பணம் கட்டாவிட்டால் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். இந்தத் தேதிகளை மெமோ வந்த அன்றே காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிடுவேன். நல்லபடியாகப் பேசிக்கொண்டே நோட்டீஸும் அனுப்பலாம், இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதம் இல்லை.

"ஆள் வைத்து வாங்கிடலாம் மேடம், இருபது பர்சென்ட்" என்று வருகிறவர்கள் பீன்யாவில் உண்டு. உள்ளே விடாதீர்கள். மிரட்டி வாங்கினால் நியாயம் நம் பக்கம் இருந்தும் போலீஸ் ஸ்டேஷனில் நாம்தான் நிற்க வேண்டி வரும், அதைவிட, நாளைக்கு அதே ஆள் நம் வாசலுக்கும் வருவான்.

எல்லாப் பாக்கியையும் ஒரே மாதிரி கேட்பதும் இல்லை. ராஜகோபாலநகரில் ஒரு ஃபேப்ரிகேஷன் கடைக்காரர், கொரோனாவில் வேலை நின்று போய் 64,000 ரூபாய் நின்றுவிட்டது. அவர் ஒளியவில்லை. நான் போன் செய்வதற்கு முன் அவரே செய்வார். "தங்கச்சி, வாரம் ரெண்டாயிரம் தரேன், அதுக்கு மேல என்னால முடியாது" என்றார். சரி என்றேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஜி.பே.யில் 2,000 வரும். முப்பத்திரண்டு சனிக்கிழமை, ஒன்றுகூடத் தவறவில்லை. கொடுக்க முடியாதவருக்கும் கொடுக்க மனமில்லாதவருக்கும் உள்ள வித்தியாசம் போனை எடுப்பதிலேயே தெரிந்துவிடும். அவருக்கு இன்றைக்கும் கடனில் சரக்கு கொடுக்கிறோம்.

பொம்மசந்திராக்காரர்கள் போன மாதம் மறுபடி விசாரணை அனுப்பினார்கள், 300 பிளாஞ்ச். இவர் முகத்தைப் பார்த்தார், நான் கொட்டேஷனை டைப் செய்தேன்: பாதிப் பணம் முன்னதாக, மீதி 30 நாளில், தாமதமானால் சட்டப்படி வட்டி, கீழே உத்யம் நம்பர். ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் பி.ஓ. வந்தது, மூன்று நாளில் அட்வான்ஸும் வந்தது. வேலை முடிந்து சரக்கு வண்டியில் ஏறுவதற்கு முன், சலானில் 300 என்று எழுதுவதற்கு முன், நானே ஷெட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினேன்.